பரண் மருந்து

பூட்டம்மா என்ற பட்டத்தை அவளுக்குக் கட்டியவர் கத்திக்காரர். கத்திக்காரர் என்ற பட்டத்தை அவருக்குக் கட்டியவள் அவள். அவர் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன். அவள் கீழ்த்தளத்தில் இருந்த கிருமி ஆய்வகத்தின் தலைமை டாக்டர். லிஃப்ட்டில் சந்தித்துக்கொண்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கடிக்காமல் இறங்கியதில்லை. கூட ஏறிய நர்ஸுகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"சாவியை இடுப்புல செருகிக்கிட்டுத்தான் தூங்குவீங்களா மேடம்?"

"நீங்க கத்தியைத் தலைமாட்டுல வெச்சுக்கலையா டாக்டர்? அதே மாதிரிதான்."

"என் பேஷண்ட் ஒருத்தர் காய்ச்சல்ல கிடந்து நடுங்குறாரு."

"அவருக்குச் சாதா மருந்தே கேக்குது. ரிப்போர்ட்டுல முதல் வரியிலேயே போட்டிருக்கு. உங்களுக்கு ரெண்டாவது வரிதான் கண்ணுக்குத் தெரியும்."

"அந்த ரெண்டாவது வரியைத்தான் நீங்க அச்சடிக்கவே மாட்டீங்களே."

சண்டையே அந்த வரியைப் பற்றித்தான். மேலே வார்டுகளிலிருந்து சீழோ ரத்தமோ சிறுநீரோ கீழே வரும். அதிலிருக்கும் கிருமியைக் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் பரப்புவார்கள். அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் விட்டுவிடுவார்கள். மறுநாள் திறந்தால் தட்டு முழுக்கக் கிருமி பாசி மாதிரி படர்ந்திருக்கும். எந்தப் பொட்டைச் சுற்றி அது நெருங்க முடியாமல் வட்டமாகத் தெளிந்து கிடக்கிறதோ, அந்த மருந்து அந்த நோயாளிக்குக் கேட்கும். வட்டமே விழாமல் பொட்டின் காலடி வரை படர்ந்திருந்தால் கிருமி அந்த மருந்தை மதிக்கவில்லை என்று அர்த்தம். "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சப்பணம் போட்டு உக்காந்திருக்கு மேடம்" என்பார் பெரிய டெக்னீஷியன். அவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது, ஜோக்குகளுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது.

பொட்டுகளில் ஒன்று எல்லாவற்றிலும் வலுவான மருந்து. ஆய்வகத்துக்குள் அதற்குப் பரண் மருந்து என்று பெயர். அடுப்படியில் புழங்கும் பாத்திரம் வேறு, பரணில் ஏற்றி வைத்த அண்டா வேறு. பரண் மருந்துக்கு விழுந்த வட்டத்தையும் அளப்பார்கள், கணினியில் ஏற்றுவார்கள். ஆனால் சாதாரண மருந்து கேட்கிறபோது அந்த வரியை ரிப்போர்ட்டில் விடமாட்டார்கள். கண்ணில் பட்டால் டாக்டர்கள் அதையே எழுதுவார்கள். எழுத எழுதக் கிருமி அதையும் சமாளிக்கப் பழகிக்கொள்ளும். வேறு எதுவுமே கேட்காத நோயாளி ஒருவர் வந்தால் அன்று மட்டும் அந்த வரி மேலே போகும். அந்த வரி இல்லாத சீட்டுக்கு ஆஸ்பத்திரி மருந்தகம் பரண் மருந்தைக் கொடுக்காது. கிருமிக் கட்டுப்பாட்டுக் கமிட்டியில் முட்டி மோதி இந்த ஏற்பாட்டை வாங்கியவள் பூட்டம்மா. அதனால்தான் அந்தப் பட்டம். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாருக்காக அந்த மருந்தைக் காத்து வைக்கிறாளோ அந்த ஆளை அவள் பார்க்கப்போவதில்லை, அவர்களும் அவளைப் பார்க்கப்போவதில்லை. அந்த எண்ணம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் அண்ணனுக்குக் கடைசல் பட்டறை. அப்பா போனபோது அவர் படிப்பை நிறுத்திவிட்டு இரும்பு கடையப் போனார். அந்தப் பட்டறைதான் அவளை டாக்டராக்கியது. நரைத்த தலையோடு அவள் படியேறி வந்தாலும் அவருக்கு அவள் பாப்பாதான். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் அவள். அண்ணி அவளைக் கூப்பிடுவது பூச்சி டாக்டர் என்று. "எல்லா டாக்டரும் மனுஷனுக்கு வைத்தியம் பாப்பாங்க. எங்க வீட்டு டாக்டர் பூச்சிக்குச் சாப்பாடு போட்டு வளக்குறா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். அண்ணியின் வாய் கத்தரிக்கோல். ஆனால் ஒரு வேளைகூடப் பூட்டம்மாவின் தட்டு காலியாக இருந்ததில்லை. நாத்தனார் ஆய்வகத்திலிருந்து பசியோடு வருவாள் என்று மாடிக்குச் சாப்பாட்டை அனுப்பிவிட்டுத்தான் அண்ணி தான் சாப்பிடுவாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருந்தது. பட்டறைத் தரையில் கிடந்த இரும்புச் சுருள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவில்லை. செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, எலும்பு வரை சீழ் பிடித்துவிட்டது. கத்திக்காரர்தான் அறுத்துச் சுத்தம் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தையல்காரன் தன் கல்யாணச் சட்டையைத் தைப்பது போலப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

சீழ் கீழே வந்தது. மறுநாள் காலையில் அந்தத் தட்டைப் பெரிய டெக்னீஷியன் தொடும் முன்னே பூட்டம்மா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாதாரண மருந்தைச் சுற்றி அகலமான வட்டம். முழுநிலா மாதிரி. அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. பரண் மருந்துக்கும் வட்டம் விழுந்திருந்தது. அதை வழக்கம்போல அளந்தாள், வழக்கம்போல ரிப்போர்ட்டில் விடவில்லை. சாதாரண மருந்தை நாளுக்கு நாலு தடவை டிரிப்பில் ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், காய்ச்சல் இறங்க இரண்டு மூன்று நாளாகும். அவ்வளவுதான் அதன் குறை. கேட்குமா என்றால் கேட்கும்.

மறுநாளும் காய்ச்சல் அடித்தது. மதியம் அண்ணி ஆய்வகத்துக்கு வந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அனுமதி இல்லை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு, வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"அங்க ஒருத்தர் பல்லு கிடுகிடுன்னு ஆடப் படுத்திருக்காரு. நான் சாப்பிட்டா என்ன, பட்டினி கிடந்தா என்ன. ஆமா, உன்கிட்ட ஒரு மருந்து இருக்காமே."

"யார் சொன்னா?"

"அறுத்த டாக்டர்தான். 'என்கிட்ட கேக்காதீங்கம்மா, உங்க நாத்தனார்கிட்ட கேளுங்க. பூட்டி வெச்சிருக்காங்க'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல."

பூட்டம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அருகில் வந்தாள். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அண்ணனுக்கு ஓடுகிற மருந்தே நன்றாக வேலை செய்கிறது. மற்றது பரணில் எடுத்து வைத்தது போல. வேற வழியே இல்லாதவங்களுக்கு. நாளைக்கோ மறுநாளோ காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

அண்ணி முழுதும் கேட்டாள். அவள் இப்படிக் குறுக்கே பேசாமல் கேட்பது அபூர்வம்.

"பரண்னு சொல்றியே. வீட்டு மனுஷன் விழுந்து கிடக்கும்போதுகூட இறக்கலன்னா பரண் எதுக்கு?"

"அண்ணி, அவருக்கு அது தேவையே இல்ல."

"தேவை இருக்கா இல்லையான்னு அவரு உன் ஃபீஸ் கட்டும்போது பாத்தாரா? யாருக்கோ எடுத்து வெச்சிருக்கியாம். அந்த யாரோ உன்னைத் தூக்கி வளத்தாங்களா? ஊரான் பிள்ளைக்குப் பால் எடுத்து வெச்சுட்டு வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணி காட்டுறவளை நான் இப்பதான் பாக்குறேன்."

பெரிய டெக்னீஷியன் நுண்ணோக்கிக்குள் தலையை இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டார்.

அண்ணியின் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது சாயங்காலம் மேலே போனபோது நடந்தது. அண்ணன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். லேத்தில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைந்த கை, தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அலைந்தது. அவளைப் பார்த்ததும் மனைவியிடம் திரும்பிச் சொன்னார்: "பாப்பா கொடுத்ததுதானே ஓடுது? அப்புறம் ஏன் அவளைப் போட்டுப் படுத்துற. அவ பாத்துக்குவா."

அவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். அவர் கேட்கவில்லை.

அவள் கீழே இறங்கிப்போய்க் கணினியின் முன் நின்றபடியே சொன்னாள். "அண்ணன் ரிப்போர்ட்டைத் திருப்பி எடுங்க. பரண் மருந்தையும் சேத்து அச்சடிங்க."

பெரிய டெக்னீஷியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முதல் மருந்துக்கே முழு வட்டம் இருக்கே மேடம்."

"தெரியும். அச்சடிங்க."

அவர் அச்சடித்தார். அன்று அதற்குப் பிறகு அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கத்திக்காரரே கீழே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஆய்வகத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. கையில் ரிப்போர்ட். "அந்தத் தட்டைப் பாக்கலாமா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். வைத்தியம் பார்ப்பவர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு பொட்டைப் பார்த்தார், இன்னொரு பொட்டைப் பார்த்தார்.

"ரெண்டுமே கேக்குது."

"ஆமா."

"நல்ல வட்டம்" என்றார். தட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். வழக்கமான கடி இல்லை. அது அவளை உறுத்தியது.

பரண் மருந்து ஏறியது. மறுநாள் காலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கியது. அது இறங்க வேண்டிய நாள் அதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் விழுந்த பழத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் காக்கையைக் குறை சொல்ல முடியுமா? அண்ணி வார்டு முழுக்கச் சொன்னாள். தெரு முழுக்கச் சொன்னாள். "எங்க பூச்சி டாக்டர் மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் எப்படியோ இருந்திருப்பேன்." அந்த வாரம் முழுக்க மாடிக்கு வந்த சாப்பாட்டில் ஒரு கை கூடுதலாக இருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கத்திக்காரர் குரலை உயர்த்தவே இல்லை.

"மேடத்தோட அண்ணனுக்குச் சாதா மருந்து நல்லாவே கேட்டுச்சு. என் கண்ணால பாத்தேன். இருந்தும் பெரிய மருந்து கிடைச்சுது. நல்லதுதான், அவரு பொழைச்சாரு, எனக்கும் சந்தோஷம். என் பேஷண்டுங்களுக்கும் அண்ணன், தம்பி, தங்கச்சி இருக்காங்க. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னா எப்படி மேடம்?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளிடம் பதில் இருந்தது. அந்தத் தவறு ஒருமுறைதான் நடந்தது, அதற்காக ஏற்பாட்டையே உடைக்கக் கூடாது என்று சொல்லலாம். ஆனால் சொல்லும் வாய் தன்னுடையதாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். நிர்வாகி, எல்லா ரிப்போர்ட்டிலும் எல்லா வரியும் வரட்டும், டாக்டர்கள் படித்தவர்கள், அவர்களே முடிவு செய்யட்டும் என்றார். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. கூட்டம் முடிந்தது.

"பூட்டு திறந்துடுச்சு போல" என்றார் லிஃப்ட்டில் ஒரு சின்ன டாக்டர். யாரும் சிரிக்கவில்லை. கத்திக்காரர் தளங்களின் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் வில்லன் யாரும் இல்லை. அப்பெண்டிக்ஸ் எடுத்தவருக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று பரண் மருந்து. மூத்திர எரிச்சலோடு வந்த கிழவிக்கு, வெளிநாட்டிலிருந்து மகன் போனில் கத்தினான் என்று பரண் மருந்து. முழங்கால் மாற்றியவருக்குக் காய்ச்சலே இல்லை, வந்துவிட்டால் என்று பரண் மருந்து. எழுதிய ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளிக்கு நல்லதுதான் செய்தார். பூட்டம்மா போன் செய்து கேட்டால் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பழைய மாதிரி அவள் கேள்விக்குப் பயப்படவில்லை. உங்கள் அண்ணனுக்கு மட்டும் கொடுத்தீர்களே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தட்டில் வட்டம் சுருங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நூல், பிறகு இரண்டு நூல். "தேய்பிறை மேடம்" என்றார் பெரிய டெக்னீஷியன், அளவுகோலை வைத்தபடி. ஐ.சி.யு.வில் மூச்சுக்குழாயோடு கிடந்தவர்களின் சளியிலிருந்து வந்த தட்டுகளில் அது வேகமாகத் தேய்ந்தது. ஒரு நாள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் தட்டில் பொட்டின் காலடி வரை பாசி படர்ந்திருந்தது. வேறு எந்த மருந்தும் அவருக்குக் கேட்கவில்லை. யாருக்காகப் பரணில் வைத்தாளோ அந்த ஆள் வந்துவிட்டார், பரண் காலி. டீச்சரின் மகள் சாவுச் சான்றிதழ் வாங்கப் போகும் வழியில் தப்பித் தவறிக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள். பூட்டம்மாதான் அவளுக்கு வழி காட்டி அனுப்பினாள்.

அப்படிப்பட்ட தட்டுகள் வாரா வாரம் வர ஆரம்பித்தன. அவள் படமெடுத்து, பெரிதாக்கி, கமிட்டிக்குக் கொண்டுபோனாள். நிர்வாகி படங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"ஒரு சின்ன விஷயம் மேடம். ரிப்போர்ட்டுல இந்த மருந்து கேக்கலன்னு வர்ற வரி இருக்கில்ல, அதைச் சொந்தக்காரங்க போன்ல படம் பிடிச்சு அனுப்பிக்கிறாங்க. ஆஸ்பத்திரி பேரு கெடுது. வேலை செய்யாத மருந்தை எதுக்கு அச்சடிக்கணும்? பழையபடி அந்த வரியை மறைச்சுடுங்களேன். உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர்கள் கண் கெட்டது வெளியே தெரியக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி கேட்கிறார்கள்.

"அன்னிக்கு மறைச்சது மருந்தைக் காப்பாத்த. இன்னிக்கு மறைச்சா யாரைக் காப்பாத்தும்?"

நிர்வாகி படங்களை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினார். கத்திக்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வரி அச்சாகிக்கொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள், வலி போனதும் எழுந்து உட்கார்ந்து யாரையாவது வைவாள். எடுத்துவிடுவது நல்லது என்றார்கள்.

"வேற ஆஸ்பத்திரியில செஞ்சுக்கலாம் அண்ணி. நானே விசாரிக்கிறேன்."

"ஏன், உங்க ஆஸ்பத்திரிக்கு என்ன வந்துச்சு? வீட்டுக்குள்ள கிணறு இருக்கும்போது தெருக்குழாய்ல போய்க் குடத்தோட நிக்கச் சொல்றியா?"

"இங்க இப்ப கிருமி கொஞ்சம் அதிகமா இருக்கு."

"எல்லாம் உன் பூச்சிங்கதானே. நீ அதட்டினா கேக்கும்."

அவள் முழுதும் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது? அண்ணனின் காலிலிருந்து. அங்கே போய் நின்றதும் அவள் வாய் மூடிக்கொண்டது. அண்ணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேலிருந்த நம்பிக்கை எல்லாம் அந்தக் காலின் மேல் கட்டியது.

கத்திக்காரர்தான் செய்தார், ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் உள்ளே பித்தம் கசிந்து வயிற்றில் தேங்கியது. மறுபடி திறந்து கழுவினார்கள். காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது, அண்ணி ஐ.சி.யு.வுக்குப் போனாள். அவள் ரத்தம் ஒரு புட்டியில் கீழே வந்தது.

தட்டைப் பெரிய டெக்னீஷியன்தான் கொண்டுவந்தார். மேஜையில் வைத்துவிட்டு, நிற்கவா போகவா என்று தெரியாமல் நின்றார். பூட்டம்மா மூடியைத் திறந்தாள். தட்டு முழுக்க ஒரே பாசி. எந்தப் பொட்டையும் சுற்றித் தெளிந்த இடம் இல்லை. தனியாகக் குழாயில் சோதித்த பழைய மருந்து ஒன்று மட்டும் கொஞ்சம் கேட்டது. சிறுநீரகத்தைத் தின்னும் என்று டாக்டர்கள் எப்போதோ ஒதுக்கிவிட்ட மருந்து. அதைத்தான் ஏற்ற வேண்டும்.

"அச்சடிக்கட்டுமா மேடம்?"

"எல்லா வரியும்" என்றாள்.

அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மேலே போனாள். அண்ணிக்கு முகம் மஞ்சளாக இருந்தது. உதடு காய்ந்திருந்தாலும் கண்ணில் குறும்பு போகவில்லை.

"என்ன வேஷம் இது? முக்காடு போட்டுத் திருட வந்தவ மாதிரி இருக்க."

"இங்க வர்றவங்க எல்லாரும் போட்டுக்கணும் அண்ணி. பேசாதீங்க, களைச்சுப் போவீங்க."

"நான் பேசாம இருந்தாத்தான் களைப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு உன்னை ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. அந்த மருந்தை இறக்கிட்டியா, பரண்ல இருந்து?"

"இறக்கியாச்சு அண்ணி."

"அப்பச் சரி" என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தது மறுநாள். அண்ணி நின்ற அதே வாசற்படியில் நின்றார். கதவில் ஒட்டியிருந்ததைப் படித்து, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அந்தக் கால் இப்போதும் லேசாக விந்தும்.

"பாப்பா, எனக்குப் போட்டதையே அவளுக்கும் போடச் சொல்லேன். மேல கேட்டா, அது இப்ப கேக்காதுங்கிறாங்க. எனக்குக் கேட்டது அவளுக்கு எப்படிக் கேக்காம போகும்?"

"கிருமி மாறிடுச்சு அண்ணா. அந்த மருந்தை நிறைய பேருக்குப் போட்டுட்டாங்க. போடப் போட அதுக்குப் பழகிப் போச்சு. இப்ப இங்க பலபேருக்கு அது கேக்கறதில்ல."

அவர் தலையாட்டினார். இரும்பு வேலை செய்தவர். தேய்மானம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். எங்கே தொடங்கித் தேய்ந்தது என்று தேடுவதும் அவர் தொழில்.

"யாருக்கு முதல்ல போட்டாங்க?"

அவள் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள். பின்னால் வெப்பப் பெட்டி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"ஆரம்பத்துல வேற எதுவும் கேக்காதவங்களுக்கு மட்டும்தான் அப்பப்ப போட்டோம்."

"எனக்குப் போட்டீங்களே. எனக்கும் வேற எதுவும் கேக்கலையா? அன்னிக்கு அது இல்லாம நான் முடிஞ்சிருப்பேன், இல்ல?"

அவர் முகத்தில் சந்தேகம் இருந்ததா, வேண்டுதல் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வாழ்நாளில் ஒரு வட்டத்தைக்கூட அவள் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அந்தத் தட்டு அவள் கண் முன்னே வந்தது, முழுநிலாவோடு.

"ஆமாண்ணா. அது ஒண்ணுதான் கேட்டுச்சு."

அண்ணன் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. "அதான் நினைச்சேன்" என்றார். "நீ சும்மா இறக்கியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

பழைய மருந்து கிருமியைக் கொஞ்சம் பிடித்தது, சிறுநீரகத்தை அதைவிட வேகமாகப் பிடித்தது. அண்ணி வாரம் முடியும் முன்பே போய்விட்டாள். கடைசியில் அவளால் பேச முடியவில்லை. அந்த வார்டில் இருந்தவர்களுக்கு அவள் பேசாதது பெரிதாகத் தெரிந்திருக்காது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கல், ஆபரேஷன், கசிவு, காய்ச்சல். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் தன் காலுக்கு வந்து சேர்ந்தார். "என்னை என் தங்கச்சி காப்பாத்திட்டா. வேற எந்த மருந்தும் கேக்காத எனக்கு ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா. அவளுக்குத்தான் ஒண்ணும் அமையல." சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பூட்டம்மாவுக்குத் தெரிந்தது.

கத்திக்காரர் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவர் சின்ன ஆளாகத் தெரிந்தார். எழ முயன்ற அண்ணனைத் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"உங்க மேல எனக்குக் குறை இல்ல டாக்டர். என் காலை நீங்கதானே காப்பாத்துனீங்க. நீங்களும் பாப்பாவும். அன்னிக்கு எனக்கு அந்த ஒரு மருந்துதான் கேட்டுச்சு, இல்ல?"

அறையில் நாலைந்து பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். கத்திக்காரர் அண்ணனைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றிருந்த அவளைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடக் கூடாது என்றும் அதே கணத்தில் தோன்றியது.

"ஆமா" என்றார் அவர். "அது ஒண்ணுதான்."

வாசல் வரை அவள் கூடவே போனாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவை மாட்டினார்.

"நீங்க என்ன சொல்லியிருக்கீங்களோ அதைத்தான் சொன்னேன் மேடம்."

"தெரியும்."

"அன்னிக்கு உங்க அண்ணிகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களைச் சீண்டத்தான் சொன்னேன். நீங்க இறக்குவீங்கன்னு நினைக்கல."

"நானும் நினைக்கல."

அவர் கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். "அந்தத் தட்டு இன்னும் இருக்கா?"

"தட்டை எல்லாம் ரெண்டு மூணு நாள்ல வேக வெச்சுக் கொட்டிடுவோம் டாக்டர்."

அவர் தலையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அவள் அங்கேயே நின்றாள். மாடிக்குப் போகும் படி இருட்டாக இருந்தது. இந்த நேரத்துக்கு அந்தப் படியில் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு அதட்டல் ஏறிவரும்.

உள்ளே புதிதாக யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மறுபடி கல்லிலிருந்து ஆரம்பித்துத் தன் காலுக்கு வந்திருந்தார்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். "இங்க வா. இவரு நம்ப மாட்டேங்கிறாரு. நீயே சொல்லு."

அவள் உள்ளே போய் அதையே சொன்னாள்.